வாசகர் கேள்வி – பதில்: பூ வாசனை எங்கே போச்சு?

கேள்வி (அல்சூர், பெங்களூர்): இதுவரை பிளெண்டட் விஸ்கியை சோடா கலந்துதான் குடித்திருக்கிறேன். புகைநெடி இல்லாத, மென்மையான ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடிப்பது சிங்கிள் மால்ட்; பல ஆலைச் சரக்கைக் கலப்பது பிளெண்டட். உங்களுக்கு கிளென்மோரஞ்சி ஒரிஜினல். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் என்ற வட மலைப்பகுதிச் சரக்கு. அங்கே வடிகலன்களின் கழுத்து மட்டுமே 5.14 மீட்டர் உயரம். கனமான ஆவி அவ்வளவு உயரம் ஏற முடியாமல் செம்புச் சுவரில் பட்டுக் குளிர்ந்து மறுபடி கீழே விழுந்துவிடும். இலேசானதுதான் மேலே போய்ச் சேரும். அது பெரும்பாலும் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் முதிர்வதால் வெனிலா வாசனையும் சேர்கிறது. இது கிடைக்காவிட்டால் எடின்பரோ பக்கத்து கிளென்கின்ச்சி 12, அல்லது மும்முறை வடிக்கும் ஆகன்டாஷன். பாட்டில் வாங்குமுன் பாரில் ஒரு ஸ்மால், 30 மி.லி., கேட்டுக் குடித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அதோடு போகட்டும்.

கேள்வி (ஃப்ரேசர் டவுன்): நீங்கள் சொல்லும் மென்மையான வகையைத்தான், பூ, பழ வாசனை வரும் என்று நம்பி வாங்கினேன். பூவாவது, பழமாவது! ஸ்பிரிட் நெடி மூக்கைத் துளைக்கிறது.

பதில்: பூ இருக்கிறது. நெடியின் அடியில் இருக்கிறது. புளிக்கவைக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றுக்கு ரோஜா வாசனை. இன்னொன்று வாழைப்பழம் மாதிரி. எல்லாமே மிகச் சிறிய அளவில் இருப்பதால் ஆல்கஹால் முன்னால் வந்து மறைத்துவிடுகிறது.

முதலில் கிளாஸை மாற்றுங்கள். வாய் அகன்ற டம்ளரில் வாசனை தங்காது. அடி உருண்டு, வாய் குறுகிய டூலிப் கிளாஸ் வேண்டும். வீட்டில் சின்ன ஒயின் கிளாஸ் இருந்தால் அதுவே போதும். 30 மி.லி. ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள். கிளாஸை மோவாய்க்கு நேரே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி, மெதுவாக மேலே கொண்டு வாருங்கள். ஒயினைப் போல வேகமாகச் சுழற்றினால் நெடிதான் கிளம்பும்.

அப்புறம் தண்ணீர். 43 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கு 30 மி.லி.யில் 7 மி.லி., அதாவது ஒன்றரை டீஸ்பூன் தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 35 சதவீதத்துக்கு இறங்கும். இந்த வகைக்கு அதுவே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அரை டீஸ்பூன், முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த அரை. மொத்தமாக ஊற்றிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. பைப்பில் வரும் காவேரித் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் பூ வாசனை அதோடு காலி. போர்வெல் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீர் தேவலாம்.

ஐஸ் வேண்டாம். குளிர்ந்தால் வாசனை மேலே எழும்பாது. காசு கொடுத்து வாங்கியது கிளாஸுக்குள்ளேயே உறங்கிவிடும். பக்கத்தில் ஊதுபத்தி, மல்லிகைச் சரம், சிக்கன் 65 எதுவும் வேண்டாம். மிளகாய் எரியும் நாக்கில் ஆல்கஹால் இன்னும் எரியும். குடித்த கையோடு ஃபில்டர் காபியா? அரை மணி நேரம் பொறுங்கள். சைடு டிஷ் கட்டாயம் என்றால் உப்பில்லாத பாதாம், ஆப்பிள் துண்டு.

கேள்வி (சிவாஜிநகர்): தெளிவாக இருந்த 46 சதவீத மால்ட், ஐஸ் போட்டதும் கலங்கிவிட்டது. போலியா?

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. ஆல்கஹாலில் கரைந்து நிற்கும் கொழுப்பு அமில எஸ்டர்கள் என்ற எண்ணெய்ப்பசைப் பொருள்கள், குளிர்ந்தாலோ தண்ணீர் கூடினாலோ பனிப்புகை போலத் திரண்டு நிற்கும். 40, 43 சதவீதச் சரக்கில் பெரும்பாலும் இவற்றைக் குளிர வைத்து வடிகட்டி எடுத்துவிடுவார்கள். 46-இலும் அதற்கு மேலும் பல ஆலைகள் அப்படியே விட்டுவிடுகின்றன. லேபிளில் 'நான் சில் ஃபில்டர்ட்' (Non chill-filtered, குளிர வைத்து வடிகட்டாதது) என்று இருக்கிறதா பாருங்கள். தெளிவாக இருப்பதும் அசலுக்குச் சாட்சியல்ல. மூடி சீலையும் கலால் துறை ஒட்டுச்சீட்டையும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (ஜெயநகர்): லைட் மால்ட் என்றால் போதை குறைவா?

பதில்: இல்லை. லைட் என்பது வாசனையையும் கனத்தையும் குறிக்கும் சொல். 43 சதவீதத்தில் ஒரு லார்ஜ், 60 மி.லி., என்றால் சுமார் 20 கிராம் ஆல்கஹால். அதே சதவீதமுள்ள எந்த மால்ட்டிலும் இதே கணக்குத்தான். வண்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (இந்திரா நகர்): பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட்டும் ஸ்காட்ச்தானே?

பதில்: சிங்கிள் மால்ட்தான், ஸ்காட்ச் இல்லை. ஸ்காட்லாந்திலேயே வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு அங்கேயே முதிர்ந்தால்தான் அந்தப் பெயர். நம் ஊர் வெயிலில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகும். அங்கே இரண்டு சதவீதம் அளவுதான். அதனால் 12 ஆண்டு வரை வைத்திருப்பது இங்கே பெரும்பாலும் கட்டுப்படியாகாது. வயதை வைத்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி (கே.ஆர். புரம்): கால் பாட்டில் மிச்சமிருந்தது. ஓராண்டு கழித்துத் திறந்தால் வாசனையே இல்லை.

பதில்: பாட்டிலுக்குள் முக்கால் பங்கு காற்று. முதலில் போவது பூ வாசனைதான்.  பாதிக்குக் கீழே இறங்கியதும் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். வெயில் படும் ஷோகேஸ் ஆகாது, அலமாரிக்குள் வையுங்கள். ஒயினைப் போலப் படுக்க வைத்தால் கார்க் ஆல்கஹாலில் ஊறிப் பொடியும். நிறுத்தியே வையுங்கள்.