அமெரிக்க மேற்குப் பயண வரலாற்றை வைத்துத் தொடக்கப்பள்ளியில் அறிவியல் கற்பிப்பது எப்படி?

அன்றைய பயணிகள் சந்தித்த ஒரு சிக்கலை, எளிய கருவிகளால் மாணவர்களையே தீர்க்க வைப்பதுதான் இந்த முறை. அளவிட வேண்டிய தேவை முதலில் வந்துவிட்டால், அளவீடு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

மேற்கை ஆராய அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் குழு 1804 மே மாதம் மிசோரி ஆற்றில் புறப்பட்டு, 1805 நவம்பரில் பசிபிக் கரையை அடைந்தது. வழியில் ஆறுகளின் அகலத்தைக் கரையிலிருந்தே கோணங்கள் எடுத்துக் கணக்கிட்டார் கிளார்க். கோணக் கணக்கு தெரியாத பிள்ளைகளுக்கு இதைவிட எளிய வழி உண்டு.

மைதானத்தில் 12 மீட்டர் அகலத்துக்கு ஓர் 'ஆறு' வரையுங்கள். எதிர்க்கரையில் உள்ள ஒரு மரத்துக்கு நேர் எதிரே, இக்கரையில் ஒரு முளை (தரையில் அடிக்கும் குச்சி). கரையோடு 10 மீட்டர் நடந்து இரண்டாவது முளை, மேலும் 10 மீட்டரில் மூன்றாவது. அங்கிருந்து ஆற்றுக்கு முதுகு காட்டிச் செங்குத்தாக நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கையில் நடு முளையும் மரமும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். மூன்றாவது முளையிலிருந்து நடந்த தூரமே ஆற்றின் அகலம். திறந்த கத்தரிக்கோலில் அலகுகளுக்கு இடையே உள்ள கோணமே பிடிப் பக்கத்திலும் இருக்கும். நடு முளை அந்தத் திருகாணி. இரு பக்க முக்கோணங்களும் ஒரே அளவு.

பெரும்பாலும் பிசகுவது செங்கோணத்தில்தான். சம இடைவெளியில் 12 பகுதிகளாக முடிச்சிட்ட கயிற்றை 3, 4, 5 பகுதிகளாக இழுத்துப் பிடித்தால் சரியான செங்கோணம் கிடைக்கும். முளைகளின் இடைவெளி அகலத்தைவிட மிகக் குறைந்தாலும் பிழை பெருகும்.

யாரும் அறியாத நிலத்தை லூயிஸ், கிளார்க் குழுவினர் கண்டுபிடித்தார்கள் என்பது தவறு: மேற்கே உள்ள ஆறுகளையும் அருவிகளையும் பற்றி 1804–05 குளிர்காலத்திலேயே இவர்களுக்குச் சொன்னவர்கள் அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளான ஹிடாட்சா மக்கள்.