ஜாம் பேண்ட் இசையில் எது பெரிது: மனதில் ஒட்டும் பாட்டா, அரை மணி நேரம் நீளும் வாசிப்பா?

நண்பர் போட்டுக் காட்டும் கிரேட்ஃபுல் டெட் (சுருக்கமாக டெட்), ஃபிஷ் ஆகிய அமெரிக்க ஜாம் பேண்ட்களின், அதாவது மேடையில் பாட்டைக் கற்பனையாக நீட்டி வாசிக்கும் ராக் குழுக்களின், கச்சேரிப் பதிவுகளில் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அப்புறம் இருபது நிமிடம் கிதார்தான் ஓடுகிறது, இவர்களுக்குப் பாட்டு எழுத வராததால்தான் இப்படி இழுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் நீட்டினால்தான் உட்கார்ந்து கேட்க முடிகிறது. தெரியாதவர்கள் நீட்டினால் அது வெறும் இழுவை. அந்த வகையில் நான் பாட்டின் கட்சி. ஆனால் மனதில் ஒட்டுகிற எல்லாப் பாட்டும் நீளத்தைத் தாங்காது. தாங்குகிற மாதிரி எழுதுவது தனி வேலை, அதற்குத் தனித் திறமை வேண்டும்.

‘டார்க் ஸ்டார்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேட்ஃபுல் டெட் 1968-இல் அதை சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) வெளியிட்டபோது மூன்று நிமிடம்கூட இல்லை. யாரும் சீந்தவில்லை. அடுத்த வருடம் பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசித்த பதிவை ‘லைவ்/டெட்’ இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்கப் போட்டார்கள். 23 நிமிடம். இன்றைக்கு அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் ரசிகர்களுக்கு முதலில் ஞாபகம் வருகிறவற்றில் அதுவும் ஒன்று.

அந்த 23 நிமிடத்தை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். ஆரம்பத்தில் ஜெர்ரி கார்சியா கிதாரில் ஒரு சின்னத் துணுக்கு வாசிக்கிறார். ஒரே தடவை கேட்டாலே முணுமுணுக்கலாம், அவ்வளவு எளிமை. முதல் சரணம் வருவதற்குள் ஐந்தாறு நிமிடம் போய்விடுகிறது. பாடி முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். ஃபில் லெஷின் பேஸ் கிதார், கீழ்ச்சுரத்தில் அடித்தளமாக நிற்கும் தன் வேலையைச் செய்யாமல், இன்னொரு பாடகர் மாதிரி கார்சியாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் எல்லாம் கலைந்து, இனி சேராது என்று தோன்றும். அப்போது அந்தத் துணுக்கு எங்கிருந்தோ மறுபடி தலைகாட்டும். உடனே நாம் எங்கே இருக்கிறோம் என்பது பிடிபட்டுவிடும். அதை மட்டும் எடுத்துவிட்டால் இந்த 23 நிமிடத்தில் பாதிக்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பாட்டின் அடித்தளத்தில் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அதிகம் கிடையாது. கார்ட் அடுக்கடுக்காக மாறும் பாட்டில் வாசிப்பவர் அடுத்த திருப்பம் எப்போது என்று பார்த்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கும். கார்ட் குறைந்தால் கை விடுதலையாகிறது. டெட்டின் ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ முழுவதும் இரண்டே கார்ட்தான். அதை ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ பாட்டின் வாலில் முடிச்சுப் போட்டு வாசிப்பது அவர்கள் வழக்கம். 1977 மே 8-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் வாசித்த இணைப்பு சுமார் 25 நிமிடம். ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. திடீரென்று பார்த்தால் அடுத்த பாட்டுக்குள் நிற்கிறோம். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2011-ஆம் ஆண்டின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்தக் கச்சேரியைச் சேர்த்திருக்கிறது.

கர்நாடக இசையில் ராகம் தானம் பல்லவி கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிராக இருக்காது: ஒற்றை வரிப் பல்லவிதான், ஆனால் எங்கே சுற்றினாலும் எடுப்பில் (வரி தொடங்கும் இடத்தில்) வந்து விழ வேண்டும், வரியே சரியில்லை என்றால் சுற்றியும் பயனில்லை. (இந்தப் பேச்சில் நம் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார். டெட்டின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991-இல் வெளியிட்ட ‘பிளானெட் டிரம்’ ஆல்பத்தில் கடம் வாசித்தது விக்கு விநாயக்ராம். கிராமி விருது கிடைத்த ஆல்பம் அது.)

பாட்டு எழுத வராதவர்களா என்ற உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் 1970. அந்த ஒரே வருடத்தில் டெட் ‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ என்று இரண்டு ஆல்பம் வெளியிட்டது. பெரும்பாலும் ராபர்ட் ஹன்ட்டரின் வரிகள், நாட்டுப்புறச் சாயல், மூன்று குரல் சேர்ந்து பாடும் கோரஸ், மூன்று முதல் ஐந்து நிமிடம். முந்தைய வருடம் 23 நிமிடம் அலைந்த அதே ஆட்கள்தான். ‘அமெரிக்கன் பியூட்டி’யிலுள்ள ‘ரிப்பிள்’ பாட்டை அவர்கள் நீட்டியதே கிடையாது; அதில் நீட்ட இடமும் இல்லை, சரணம் முடிந்தால் வேலை முடிந்தது. அதே ஆல்பத்தின் ‘ட்ரக்கின்’ மேடையில் கால் மணி நேரம் வரை போகும். எதை நீட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தார்கள்.

ஹிட் பாட்டு ஒன்று வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1987-இல் ‘டச் ஆஃப் கிரே’ அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் ஒன்பதாம் இடம் பிடித்தது. முதல் பத்துக்குள் வந்த அவர்களுடைய ஒரே பாட்டு. ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் கழித்து! மேடையிலோ அதை ஐந்தாறு நிமிடத்தில் முடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நல்ல பாட்டுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே போக வாசல் இல்லை.

வாசல் என்றால் என்ன என்று கேட்டால் நான் ‘விப்பிங் போஸ்ட்’டைக் காட்டுவேன். ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் பாட்டு. குழுவின் பாடகர் கிரெக் ஆல்மனுக்கு இது தூக்கக் கலக்கத்தில் தோன்றியதாம். பேனா, காகிதம் கிடைக்காமல் எரிந்த தீக்குச்சிக் கரியால் இஸ்திரிப் பலகை உறையில் வரிகளைக் கிறுக்கிவைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1969 ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட்டில் 23 நிமிடம். தொடக்கத்தில் பேஸ் கிதார் பதினொரு எண்ணிக்கையில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) போடுகிறது. மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே போய்க் கடைசியில் இரண்டில் இடறி விழும். அந்த இடறல்தான் காதில் ஒட்டிக்கொள்கிறது. கோரஸின் முடிவில் இசை ஒரு கணம் நின்று, கிரெக் ஆல்மன் மட்டும் கத்துவார். அந்த நிறுத்தம்தான் நான் சொல்லும் வாசல். கிதார் வாசிக்கும் டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் ஆளுக்கொரு முறை அதன் வழியாக வெளியே போகிறார்கள், அதே கத்தலுக்குத் திரும்பி வருகிறார்கள். நடுவில் தாளமே கரைந்து, தாலாட்டு மாதிரி மெல்லிதாகிவிடும் இடமும் உண்டு. அதற்கப்புறம் கோரஸ் திரும்பும்போது உடம்பு சிலிர்க்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

ஃபிஷ் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் மாறுபடும், ஃபிஷ் ரசிகர்கள் மன்னிக்கவும். 1983-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் உருவான இந்தக் குழு, நால்வரும் ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதில் டெட்டையே மிஞ்சிவிட்டது என்பேன். பாட்டு வரிகள் மட்டும் எனக்கு ஒத்துவருவதில்லை. ‘ட்வீசர்’ வரிகள் எதுகைக்காக எழுதிய அசட்டு விளையாட்டு. ஆனால் ரிஃப் அபாரம். 2013 ஜூலை 31 அன்று லேக் டாஹோவில் அதை 37 நிமிடம் வாசித்தார்கள். நடுவில் குழு ஒரு இடத்தில் சட்டென்று நிற்கிறது, அந்த இடைவெளியில் கூட்டம் ‘ஊ’ என்று கத்துகிறது. வாசிப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே அங்கங்கே நிறுத்தி, ஒவ்வொரு முறையும் கூட்டத்தைக் கத்தவைக்கிறார்கள். பல்லாயிரம் பேர் ஒரு வாத்தியமாகிவிட்டார்கள். கையில் ஒரு பிடிமானமும் இல்லாமல் இது நடக்காது, அந்தப் பிடிமானத்தைக் கொடுத்தது ரிஃப். ஆக, பாட்டு என்று நான் சொல்லும்போது வரியைச் சொல்லவில்லை, மெட்டைச் சொல்கிறேன்.

அப்புறம், வானொலிக்கு ஏற்ற பாட்டை எழுதிவிட்டு அதையே நையாண்டி செய்த ஜாம் பேண்டும் உண்டு. ப்ளூஸ் டிராவலர் குழுவின் ‘ஹூக்’, மெட்டு காதில் மாட்டினால் போதும், நான் என்ன பாடினாலும் கேட்பீர்கள் என்று நம்மைப் பார்த்தே சிரிக்கிறது. அதுவும் பாகெல்பெல் என்ற பழைய ஐரோப்பிய இசையமைப்பாளரின் ‘கேனன்’, அதே கார்ட் வரிசையில்! அதுவும் ஹிட் ஆகிவிட்டதுதான் வேடிக்கை.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. ஜாம் என்ற பெயரில் வரும் நிறைய வாசிப்பு வெறும் விரலோட்டம்தான். ஸ்கேலில் (சுர வரிசையில்) மேலும் கீழும் ஏறி இறங்குகிறார்கள், ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழுவதில்லை. டெட்டிலும் அப்படிப்பட்ட ராத்திரிகள் நிறைய. 1984-இலிருந்து கச்சேரியைப் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள், அதனால் நல்லது கெட்டது எல்லாம் பதிவாகிக் கிடக்கிறது. தேர்ந்தெடுக்காமல் எதையாவது போட்டுக் காட்டினால் யாருக்கும் சலிக்கும்.

அதனால் நண்பர் போடுவதைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு இப்படிச் செய்து பாருங்கள். முதலில் ‘விப்பிங் போஸ்ட்’ ஐந்து நிமிட ஸ்டுடியோ பதிவை, ரிஃப் வாயில் வரும்வரை நாலைந்து தடவை கேளுங்கள். பிறகு ஃபில்மோர் ஈஸ்ட் பதிவு. அது பிடித்தால் கார்னெல் கச்சேரிக்குப் போங்கள், கடைசியாக ‘டார்க் ஸ்டார்’. இந்த வரிசையில் கேட்டும் கொட்டாவிதான் வருகிறது என்றால் ‘அமெரிக்கன் பியூட்டி’யை வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு பாட்டுகூட உங்களைக் காக்கவைக்காது.