தாத்தாவுக்குக் கண்டியைக் காட்டுவது

அன்புள்ள ஐயா,

நான் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பெண். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. ஜனவரியில் என் தாத்தா என்னோடு சில நாள் தங்க வருகிறார். வயது 79. அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்து, 1972இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனவர். அதற்குப் பிறகு இலங்கைக்கு வந்ததே இல்லை. தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, பின்னவல யானைகள், நுவரெலியா, எல்ல ஒன்பது வளைவுப் பாலம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குப் போவோமா என்று கேட்டால், "அங்க என்ன இருக்கு, நீ இருக்கிற டவுனைக் காட்டு, போதும்" என்கிறார். அங்கே போனால் அவர் மனசு உடைந்துவிடும் என்று அப்பாவும் தடுக்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பேராதனையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். அதையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பயணக் களைப்பு தீர்ந்ததும் முதலில் அங்கேதான் போகவேண்டும். அதைப் பார்க்கும்வரை அவர் கண்டியில் எதையும் முழு மனசோடு பார்க்கமாட்டார்.

"அங்க என்ன இருக்கு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரப்பிள்ளைக்குச் செலவும் அலைச்சலும் வைக்கக் கூடாது என்று நினைக்கும் எங்கள் பெரியவர்கள் எல்லோரும் பேசுகிற பேச்சு இது. கோத்தகிரியிலிருந்து வந்த என் பெரியம்மாவும் இதையேதான் சொன்னார். வேன் தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் டிரைவருக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. தாத்தா அழுவார், அழட்டும். ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே அவர் காதில் போட்டுவிடுங்கள். அவர் கப்பலேறிய மறு வருஷமே பஞ்சம் தொடங்கியது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டன. அவர் பெயர் சொல்லி விசாரிக்கப்போகும் கூட்டாளிகளில் பலர் இருக்கமாட்டார்கள். பல தோட்டங்களில் ஸ்டோரும் மூடிக் கிடக்கிறது, கொழுந்து எடுத்த மலைகள் காடாகிவிட்டன. இதையெல்லாம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று முதல்முறையாகக் கேட்பதைவிட, போவதற்கு முந்தின இரவு உங்கள் வாயால் கேட்பது நல்லது.

அவர் பிறந்த காம்பராவில், அதாவது லயத்து அறையில், இப்போது வேறொரு குடும்பம் இருக்கும். தோட்டத் தலைவர் மூலமாக முன்பே சொல்லிவிட்டு, பழமோ பிஸ்கட்டோ கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் தருவார்கள், மறுக்காமல் சாப்பிடுங்கள். அவருடைய அப்பா அம்மா இங்கேதான் அடங்கியிருக்கிறார்களா என்று கேட்டுப்பாருங்கள். அப்படியென்றால் மயானத்தில் மானாப்புல் ஆளுயரத்துக்கு நிற்கும், யாரையாவது பிடித்து முன்னதாகவே வெட்டிவைக்கச் சொல்லுங்கள். வெற்றிலையும் சூடமும் பூவும் கொண்டுபோங்கள்.

இனி கண்டி. தோட்டத்துச் சனத்துக்கு அந்தக் காலத்தில் கண்டி என்றால் காகிதம்தான். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்குபோட்டார்கள். இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம், அதாவது துணைத் தூதரகம், கண்டியில் இருந்தது. விண்ணப்பம், கடவுச்சீட்டு என்று எத்தனையோ குடும்பங்கள் இந்த ஊருக்கு ஏறி இறங்கின. உங்கள் தாத்தாவும் இளவயதில் கண்டித் தெருவில் ஒரு கடதாசிக் கட்டோடு நடந்திருக்கக்கூடும். எங்கே போனார், எங்கே சாப்பிட்டார் என்று கேளுங்கள். அந்த இடங்களை அவரோடு சேர்ந்து தேடுங்கள்.

கண்டி வாவிக்கரைக்கு (ஏரிக்கரைக்கு) மாலையில் போங்கள். மேடு பள்ளம் இல்லாத நடை, உட்காரவும் இடமுண்டு. 1807இல் இதைக் கட்டுவித்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம். 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே செத்தான். கண்டியிலிருந்து அக்கரைக்கு அனுப்பப்பட்ட அந்த ராஜாவின் கதையைத் தாத்தாவுக்குச் சொல்லுங்கள், ஆர்வமாகக் கேட்பார்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் இடம், ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டிய பழைய ஸ்டோர் அது. கொழுந்து வாட்டுவது, அரைப்பது, காயவைப்பது என்று அந்தக் காலத்து மெஷின்கள் எல்லாம் நிற்கின்றன. ஸ்டோரில் வேலை பார்த்தவரை அங்கே கூட்டிப்போய்விட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். எந்த மெஷினில் கை போனது, ராத்திரி ஷிஃப்டில் யார் பாடினார்கள், டீமேக்கர் எப்படி மோந்து பார்ப்பார் என்று அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். நீங்கள் ஆய்வு மாணவி, இதன் மதிப்பை நான் சொல்லவேண்டியதில்லை. கம்பளைப் பக்கம் பாரதெக்கவில், பழைய பீகொக் தோட்டத்து லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய சனம் காடு வழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. உங்கள் பாட்டன்மாரில் யாரோ ஒருவர் அந்த வழியில் வந்திருக்கலாம்.

நுவரெலியாவும் எல்லவும் பின்னவலவும் வேண்டாம். ஆயுசு முழுக்கத் தேயிலைக்குள் நின்றவருக்குத் தேயிலை மலை ஒரு காட்சியில்லை. குளிருக்கு நீலகிரியே போதும். எல்ல வரை போய்வர 79 வயது முழங்கால் தாங்காது. பேராதனைப் பூங்கா உங்களுக்குப் பக்கம்தான், போங்கள். ஆனால் அங்கே வெளிநாட்டவருக்குத் தனி டிக்கெட். அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு நீங்களே போய் வாங்கிவாருங்கள். இந்த மண்ணில் பிறந்தவர் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று கடவுச்சீட்டை எடுத்துக் காட்டவேண்டாம்.

ஜனவரியில் மழை குறைவு. ஆனால் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் என்பதால் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் அட்டனில் நெரிசல் தாங்காது. முடிந்தால் பயணத்தைத் தைப்பொங்கலை ஒட்டி வையுங்கள். சாதாரண நாளில் போனால் எல்லோரும் கொழுந்து மலையில் வேலைக்கு நிற்பார்கள், லயம் வெறிச்சோடிக் கிடக்கும். பொங்கலன்று வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகள்கூட வந்திருப்பார்கள்.

தோட்டத்தின் பெயர், டிவிஷன், தாத்தாவின் அப்பா பெயர் மூன்றையும் எனக்கு எழுதுங்கள். அந்தப் பக்கத்துத் தலைவர்மாரில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவரோடு ஸ்டோரில் நின்ற ஆட்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன்.