பூச்சியியல் படிக்கட்டுமா? டெல்டா பெற்றோர் ஒருவருக்கு

ஐயா, மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கிறாள், பூச்சியியல்தான் வேண்டும் என்கிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் பலர் சறுக்குவது வேலை தேடும்போது இல்லை, முதல் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது.

பயிர்ப்பூச்சிதான் ஆர்வம் என்றால் நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மை. தஞ்சாவூர்ப் பக்கம் ஈச்சங்கோட்டையிலும், திருச்சி நாவலூர் குட்டப்பட்டிலும் கல்லூரி இருக்கிறது. சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான், நீட் வேண்டாம். "விலங்கியலில் சேர்த்துவிடுங்கள், அப்புறம் மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் முதுநிலைக்கு விலங்கியல் பட்டத்தோடு போக முடியாது. மூன்று வருடம் கழித்து இது தெரியவந்தால் யார் பொறுப்பு?

கொசு, உண்ணி போன்ற நோய் பரப்பிகள் பக்கம் மனம் போனால் விலங்கியலே சரி. புதுச்சேரியில் நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமான வி.சி.ஆர்.சி.யில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் இரண்டாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது.

காலக்கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். வேளாண் பட்டம் முடித்ததும் டி.என்.பி.எஸ்.சி. வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் மாதிரியான இடத்தில் விஞ்ஞானியாக வேண்டுமானால் இளநிலைக்கு நான்கு, முதுநிலைக்கு இரண்டு, அதற்குமேல் முனைவர் பட்டத்துக்கு மூன்று நான்கு என்று பத்து வருடம் பக்கம் ஆகும். இடையில் கிடைப்பவை பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலைகள். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். கொள்கைப் பக்கமும் ஆள் தேவை. 1968ஆம் வருடத்துப் பூச்சிமருந்துச் சட்டப்படி எந்த மருந்தையும் பதிவு செய்யாமல் விற்க முடியாது. பதிவுக்கு வயல்வெளிச் சோதனைத் தரவு வேண்டும், அதை எடுக்கப் பூச்சி படித்தவர்கள் தேவை.

சேர்ப்பதற்கு முன் சம்பா வயலில் ஒருநாள் இறக்கிப் பாருங்கள். நெற்குத்தை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டில் புகையானை, அதாவது நெல்லின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியை, எண்ணட்டும். புகையானைத் தின்னும் சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்திலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு புகையான் வந்தாலே மருந்து பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். பூச்சியைப் பார்த்த பதற்றத்தில் செயற்கை பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை அடித்தால் சிலந்தியும், அதைப் போலவே புகையானை இரையாக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்து, புகையான் முன்னைவிட வேகமாகப் பெருகும். வரப்பில் நின்று இதை விவசாயிக்குப் புரியவைப்பதும் இந்தத் தொழில்தான். கூச்சப்படுகிற பிள்ளை என்றால் பேசப் பழக்குங்கள். சகதியில் அரைமணி எண்ணியதும் சலித்துவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வீட்டில் பூச்சி சேகரிக்கட்டும். வண்டுக்கு வலது முன்னிறகில் ஊசி குத்த வேண்டும். நடுவில் குத்தினால் இனம் காண உதவும் அடையாளங்கள் கெட்டுவிடும். ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு அதே ஊசியில் இருக்க வேண்டும். அது இல்லாத பூச்சி ஆராய்ச்சிக்கு உதவாது. ஐப்பசி மழையில் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை அரிக்கிற பூச்சிகளைத்தான் தடுக்கும், ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடச் சொல்லுங்கள்.