மூச்சு வாங்குவது மேட்டினால் மட்டும்தானா? – செலியாக் நோயும் உடற்பயிற்சியும்: வாசகர் கேள்வி பதில்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைக்கும். இதுதான் செலியாக் நோய். அந்தத் தானியங்களை ஆயுள் முழுக்க விலக்குவதுதான் சிகிச்சை. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு எங்கள் மருத்துவ, உணவியல் குழு பதில் தருகிறது.

எட்டு மாதம் முன்பு செலியாக் என்று உறுதியானது. கோதுமையை அறவே விட்டுவிட்டேன், வயிற்றுப்போக்கும் நின்றுவிட்டது. ஆனாலும் பஸ் ஸ்டாப் வரை மேடேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. நடைப்பயிற்சியைக் கூட்டினால் சரியாகுமா? (வாசகி, வயது 38, கோத்தகிரி)

நடையைக் கூட்டுவதற்கு முன் ரத்தத்தைப் பாருங்கள். வயிறு சில வாரங்களில் அடங்கிவிடும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள்) மறுபடி தழைப்பதற்குப் பெரியவர்களுக்கு ஓரிரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். இந்த நோய் அதிகம் பாதிப்பதும் அதே பகுதியைத்தான். அதனால் வயிறு நன்றாக இருக்கும்போதே ரத்தசோகை உள்ளே இருக்கலாம்.

நீங்கள் இருப்பது சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். கடற்கரையை ஒப்பிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலையில் வாழ்கிறவர்களின் உடல் அதை ஈடுகட்ட ஹீமோகுளோபினைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ளும். பெண்களுக்கு 12 கிராம் என்ற வரம்பு சமவெளிக்கானது. உங்களுக்கு 12.2 என்று வந்தால், 'நார்மல்' என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், தைராய்டு நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் அதைத் தேநீரிடமிருந்து காப்பாற்ற வேண்டும். நம் மலையில் சாப்பாட்டுக்கு முன்பும் டீ, பின்பும் டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவிலிருந்து சேரவேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம். மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். கால்சியம் மாத்திரையும் இருந்தால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் குளூட்டன் எங்கிருந்தோ கசிகிறது, அல்லது குடல் இன்னும் உறிஞ்சவில்லை. அப்போது இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அதுவரை சமதளத்தில் மட்டும் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் நடந்தால் போதும். நடக்கும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். மேடு ஏறியே ஆகவேண்டிய இடத்தில் அடியைச் சிறிதாக்கி, பாதையின் குறுக்கே வளைந்து வளைந்து ஏறுங்கள். எண்கள் ஏறத் தொடங்கியதும் வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, வாரம் 150 நிமிடத்துக்கு வாருங்கள். நெஞ்சு வலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.6 என்று வந்திருக்கிறது. பல வருடமாக யோகாசனம் செய்கிறேன். தொடரலாமா? எடை தூக்கலாமா? (வாசகர், வயது 52, குன்னூர்)

மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. பயிற்சியை விடாதீர்கள், ஆசனங்களை மாற்றுங்கள். முதுகை வளைத்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம், கழுத்தில் பாரம் ஏறும் ஹலாசனம், சர்வாங்காசனம், சிரசாசனம், இடுப்பை முறுக்கும் ஆசனங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கி முறிவது பெரும்பாலும் குனியும்போதுதான். வீரபத்ராசனம், உத்கடாசனம், சுவரில் கை வைத்தபடி விருக்ஷாசனம் தொடரலாம்.

எடை கட்டாயம் தூக்கவேண்டும். பாரம் ஏறினால்தான் எலும்பு கெட்டிப்படும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், இடையே ஒரு நாள் ஓய்வு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கையூன்றித் தண்டால் பத்து முறை, குதிகால் உயர்த்துவது பதினைந்து முறை. ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் சுமார் ஒரு கிலோ. முதலில் அதுவே போதும். பத்துப் பன்னிரண்டு முறை தூக்கும்போது கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால் எடை சரி. பதினைந்து முறை சுலபமாகத் தூக்க முடிந்தால் அரைக் கிலோ கூட்டுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். கேஸ் சிலிண்டரை உருட்டுவது, விறகுக்கட்டைக் குனிந்து எடுப்பது இவற்றை வேறு யாரிடமாவது விடுங்கள்.

மலைக்காரர்கள் ஏறுவதற்குத்தான் பயப்படுவார்கள். எலும்பு மெலிந்தவர்கள் பயப்படவேண்டியது இறக்கத்துக்கு. மழைக்காலத்தில் பாசி பிடித்த படி, ஈர இலை மூடிய குறுக்குப்பாதை இரண்டும் வேண்டாம். கைத்தடியும் பிடிப்புள்ள செருப்பும் கூச்சப்படவேண்டிய விஷயமே இல்லை. பாதம் மரத்துப்போகிறதா, கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா என்றும் கவனியுங்கள். செலியாக் நோய் நரம்பையும் தொடும்.

ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 200 மில்லி பாலில் சுமார் 240, 100 கிராம் ராகியில் சுமார் 350. முதல் சில மாதங்கள் பால் வயிற்றை உப்ப வைத்தால் தயிராகச் சாப்பிடுங்கள். குடல் தேறத் தேறப் பாலும் ஒத்துக்கொள்ளும். மூடுபனி, ஸ்வெட்டர், குல்லா எல்லாம் வெயிலை மறைப்பதால் வைட்டமின் டி அளவையும் பாருங்கள். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து காயும் வெயிலில் அது கிடைக்காது.

சப்பாத்தியே தொடுவதில்லை. ராகியும் சாமையும்தான். ஆனாலும் டிடிஜி ஐஜிஏ (செலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை அளவு) குறையவில்லை, நடந்தால் களைப்பு. எங்கே தப்பு? (வாசகர், உதகை)

முதல் சந்தேகம் மாவு மில்மேல். முந்தைய ஆள் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே உங்கள் ராகியும் விழுகிறது. தானியத்தை வாங்கிப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். அடுத்தது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி மாவு சேர்த்தது, குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். அந்த வாசகத்துக்குப் பொருள், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லை என்பது. நீர்க்கடுப்புக்குக் குடிக்கும் பார்லித் தண்ணீர், மால்ட் கலந்த சத்துபானங்கள், சோயா சாஸ், டீயோடு வரும் வர்க்கி, பஜ்ஜிக் கடை எண்ணெய் எல்லாமே வாசல்கள்தான். சாதாரண ஓட்ஸும் கோதுமையோடு கலந்து வருவது, அதனால் விலக்குங்கள். ஜிம்முக்குப் போகிறவர் என்றால் புரோட்டீன் பவுடர் டப்பாவில் மால்ட், கோதுமைப் புரதம் இருக்கிறதா என்று படியுங்கள். நோய் கண்டறிந்து சில மாதமே ஆகியிருந்தால் பதற்றம் வேண்டாம். இந்த அளவு இறங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஏறாமல் இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஞாயிறுதோறும் நண்பர்களோடு மலையேறப் போகிறேன். வழியில் எதைச் சாப்பிடுவது? (வாசகி, வயது 29, கொடைக்கானல்)

கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு இட்லி அல்லது அவல். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகவேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். பழனி மலையின் விருப்பாச்சி வாழைப்பழம் கையிலேயே இருக்க, பாக்கெட் பார் எதற்கு? அதில் ஓட்ஸும் மால்ட்டும் இருக்கும். கடலை மிட்டாய், வேகவைத்த சர்க்கரைவள்ளி, பேரீச்சை கொண்டுபோங்கள். குளிரில் தாகம் தெரியாது. கால் மணிக்கு ஒருமுறை நூறு மில்லி தண்ணீர் குடியுங்கள். வழிக்கடையில் சுட்ட சோளம் நல்லது. ஆம்லெட் வேண்டாம், புரோட்டா புரண்ட அதே கல்லில்தான் போடுவார்கள். புதிதாகச் சேரும் நண்பருக்கும் இந்த நோய் இருந்தால், ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர் சமதளப் பாதையில் தொடங்கச் சொல்லுங்கள்.

கல்யாண வீட்டில் தெரியாமல் ரவா கேசரி சாப்பிட்டுவிட்டேன். இரவெல்லாம் வாந்தி. மறுபடி எப்போது பயிற்சி செய்யலாம்? (வாசகர், கூடலூர்)

சாப்பிட்ட குளூட்டனை முறிக்க மருந்து இல்லை. ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். பார்லிக் கஞ்சி கொடுப்பார்கள், வாங்காதீர்கள். வாந்தியும் பேதியும் நின்று, சாப்பாடு தங்கி, சிறுநீர் தெளிந்து 24 மணி நேரம் ஆனபிறகு பாதி நேர நடை. எடை தூக்குவதும் மலையேறுவதும் இன்னும் இரண்டு நாள் கழித்து. ஒரு தடவைச் சறுக்கலுக்காக ரத்தப் பரிசோதனை தேவையில்லை. மாதாமாதம் இப்படி நேர்ந்தால் உணவியலாளரோடு உட்கார்ந்து ஒரு வாரச் சாப்பாட்டை வரி வரியாகப் பாருங்கள். ரத்தம் கலந்து போனாலோ, இரண்டு நாளாகியும் நிற்காவிட்டாலோ, அது கேசரியால் வந்ததுதான் என்று முடிவு கட்டாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.