ஆலிஸ் இன் செயின்ஸ்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

கேள்வி: கிரஞ்ச் என்ற ராக் இசை வகையில் எனக்கு நிர்வாணா குழுவை மட்டும்தான் தெரியும். ஆலிஸ் இன் செயின்ஸை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்'. 1994 ஜனவரியில் வந்தது. ஏழே உருப்படிகள், அரை மணி நேரம். இவர்களின் 'டர்ட்' ஆல்பத்தைக் கேளுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முதல் நாளே அதைக் கேட்டால் பாதியில் அணைத்துவிடுவீர்கள். 1993 செப்டம்பரில் சியாட்டில் ஸ்டூடியோவுக்குள் வெறுங்கையோடு போனவர்கள், ஒரே வாரத்தில் எழுதிப் பதிவும் செய்துவிட்டார்கள். அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்ட் 200 பட்டியலில் நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்த முதல் இ.பி. (முழு ஆல்பத்தைவிடச் சிறிய தொகுப்பு) இதுதான். மெருகேற்ற நேரம் கிடைக்காததே இதற்கு அழகாகிவிட்டது என்பது என் கட்சி.

கேள்வி: லேன் ஸ்டேலி உண்மையிலேயே பெரிய பாடகரா? போதைப் பழக்கமும் அகால மரணமும் சேர்ந்து அவரைப் பெரிதாக்கிவிட்டதா?

பதில்: பெரிய பாடகர்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்தக் குழுவின் சூட்சுமம் அவரிடம் மட்டும் இல்லை. கிதார் வாசிக்கும் ஜெரி கான்ட்ரலும் கூடவே பாடுகிறார். நம் ஊர்க் கல்யாணத்தில் இரண்டு நாகஸ்வரங்கள் ஒரே சுரத்தில் இழையும். இங்கே இரண்டு குரலும் வேறு வேறு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, இனிக்க வேண்டிய இடத்தில் லேசாக உரசும். அந்த உரசல்தான் ஆலிஸ் இன் செயின்ஸ். ஒவ்வொரு ஆல்பத்தையும் நான் எடைபோடுவது அதை வைத்துத்தான்.

கேள்வி: அண்ணா, எனக்கு 19 வயது. 'டர்ட்' கேட்டால் மனம் கனத்துப்போகிறது. இதை ஏன் கொண்டாடுகிறார்கள்?

பதில்: கனக்கத்தான் வேண்டும், தம்பி. 1992-இல் வந்த அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி ஹெராயினைப் பற்றியது. போதையை அழகாக்காமல், அதற்குள் மாட்டிக்கொண்டவனின் வாயிலிருந்தே வருவதால்தான் கேட்கச் சிரமமாக இருக்கிறது. இடையில் 'ரூஸ்டர்' வரும். அது வியட்நாம் போரில் இருந்த தன் அப்பாவுக்காக கான்ட்ரல் எழுதியது. அதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் கேட்காதீர்கள். நான் கேட்டுவிட்டு மறுநாள் யாரோடும் பேசவில்லை.

கேள்வி: முதல் ஆல்பம் 'ஃபேஸ்லிஃப்ட்'?

பதில்: 1990. முதல் பாதி போதும். பின்பாதியில் ஒரு ஹெவி மெட்டல் குழு இன்னும் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: அட்டையில் மூன்றுகால் நாய் இருக்கும் 1995 ஆல்பத்தை நீங்கள் குறிப்பிடுவதே இல்லையே?

பதில்: பல வருடங்கள் அதைத் தொடவில்லை. சோர்ந்துபோனவர்களின் ஆல்பம் என்று ஒதுக்கிவிட்டேன். சோர்வு உண்மைதான், ஆனால் அதை மறைக்காமல் பாடியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இதைக் கேட்டுவிட்டு, 1996 ஏப்ரலில் புரூக்ளினில் நடந்த எம்டிவி அன்பிளக்டு கச்சேரியை (மின்கிதார் அதிரடி இல்லாமல் வாசிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி) பாருங்கள். இரண்டரை ஆண்டு இடைவெளிக்குப் பின் ஏறிய மேடை. ஸ்டேலி மெலிந்திருக்கிறார், குரல் மட்டும் மெலியவில்லை.

கேள்வி: ஸ்டேலி 2002-இல் இறந்த பிறகு அதே பெயரில் தொடர்ந்தது சரியா?

பதில்: தவறு என்றுதான் நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். 2009-இல் 'பிளாக் கிவ்ஸ் வே டு புளூ' வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்த வில்லியம் டுவால், ஸ்டேலியைப் போலப் பாட முயலவே இல்லை. கான்ட்ரல் முன்னால் வர, அவர் பக்கத்தில் நின்று அந்த உரசலைக் காப்பாற்றுகிறார். ஆல்பத்தின் கடைசிப் பாடல் ஸ்டேலிக்கான பிரியாவிடை. கான்ட்ரல் பாட, பியானோ வாசித்திருப்பவர் எல்டன் ஜான். 2013 ஆல்பம் இழுவை. 2018-இன் 'ரெய்னியர் ஃபாக்' பரவாயில்லை; அதற்காகச் சியாட்டிலில், அந்த மூன்றுகால் நாய் ஆல்பத்தைப் பதிவு செய்த அதே ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போனார்கள்.