மூளை அறிவியலும் ஆட்களை நடத்துவதும்: கேள்வி பதில்

முதலில் இரண்டு வார்த்தை. நான் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது கல்லூரியில் பாடம் எடுப்பவன். டாக்டர் பட்டம் உண்டு, ஊசி போடும் டாக்டர் இல்லை. ஆட்களை வைத்து வேலை வாங்குபவர்கள் மூளை பற்றிக் கேட்டவற்றில், எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னாலும் வரும்: மூளைப் படத்தில் ஒரு புள்ளி சிவப்பாக ஒளிர்வதைக் காட்டி யாராவது உங்களிடம் எதையாவது விற்க வந்தால், பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருப்பூர், தையல் லைன் பொறுப்பாளர்): தீபாவளி போனஸ் கொடுத்த வாரமே ஆட்கள் முகம் சுணங்குகிறது. போன வருடம் கொடுத்ததில் பைசா குறைக்கவில்லை. பணம் வந்தால் டோபமைன் வரும், உற்சாகம் வரும் என்கிறார்களே?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் மெல்லிய கம்பியை இறக்கி, டோபமைன் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று பார்த்தார் (டோபமைன் என்பது மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள்). எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் செல் படபடவென்று துடித்தது. அடுத்து, விளக்கு எரிந்த பிறகுதான் சாறு வரும் என்று பழக்கினார். பழகியதும் துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது செல் கண்டுகொள்ளவே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனாலோ, அது வந்திருக்க வேண்டிய நேரத்தில் செல்லின் வழக்கமான துடிப்புகூட அடங்கிப்போனது. ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மான்டேக் மூவரும் 1997இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தச் செல்கள் சொல்கின்றன.

உங்கள் ஆட்கள் போனஸை ஆவணியிலேயே மனதுக்குள் வாங்கிச் செலவும் செய்துவிட்டார்கள். கையில் வரும் அன்று அது செய்தியே இல்லை.

ஆனால் அவசரப்பட வேண்டாம். குரங்கின் சாற்றுக்கும் லைனில் உட்காரும் அக்காவின் போனஸுக்கும் நடுவே வட்டி, ஸ்கூல் ஃபீஸ், பக்கத்து கம்பெனியில் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற செய்தி எல்லாம் இருக்கிறது. விலைவாசி ஏறியிருக்கும்போது 'போன வருட அளவு' என்பதே குறைவுதான், அதற்கு மூளையை இழுக்க வேண்டியதில்லை. இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: சொன்ன தேதியில் சொன்ன தொகையைத் தருவதற்கு நன்றி எதிர்பார்க்காதீர்கள், தவறினால் மட்டும் பலமாக விழும். மனதில் நிற்பது எதிர்பாராத சின்ன விஷயம். ஷிப்மென்ட் ஏறிய அன்று அரை மணி முன்னதாக அனுப்பிவிடுவது மாதிரி. அதையே வாராவாரம் செய்தால் அதுவும் பழக்கமாகிவிடும், ஜாக்கிரதை.

கேள்வி (சென்னை, ஐடி டீம் லீட்): டீமின் டோபமைனை ஏற்ற என்ன செய்யலாம்?

பதில்: மேலே உள்ள பதில்.

கேள்வி (ஓசூர், ஷிப்ட் சூப்பர்வைசர்): ராத்திரி ஷிப்டில் மெஷின் நின்றுவிட்டால், நான் பக்கத்தில் போய் நின்றாலே ஆபரேட்டர் தெரிந்ததையும் மறந்துவிடுகிறார். நான் சத்தம்கூடப் போடுவதில்லை சார்.

பதில்: சத்தம் போட வேண்டியதில்லை, நின்றாலே போதும். யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் பல காலமாக ஆராய்வது இதைத்தான். ஒரு விஷயத்தை மனதில் பிடித்துக்கொண்டே அடுத்ததை யோசிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை. டோபமைனும், அதே மாதிரி இன்னொரு வேதிப்பொருளான நார்அட்ரினலினும் அங்கே மிதமாக இருக்கும்வரை அது நன்றாக ஓடும். குறைந்தால் மந்தம். பயத்தில் எகிறினால் அந்தச் செல்களுக்கிடையே தொடர்பு தளர்ந்து, பழக்கத்தில் ஓடும் பகுதிகள் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. கை பழகியதைச் செய்துகொண்டே இருக்கும், ஏன் நின்றது என்ற யோசனை மட்டும் ஓடாது. ஆபரேட்டர் ரீசெட் பட்டனையே திரும்பத் திரும்ப அமுக்குவதைப் பார்த்திருப்பீர்களே.

இதில் முக்கியமானது, நிலைமை தன் கையில் இல்லை என்கிற உணர்வு. ஸ்டீவன் மையரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு எலிகளுக்கு ஒரே நேரத்தில் வாலில் ஒரே அளவு ஷாக். ஒன்றின் முன்னால் இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் இரண்டுக்குமே ஷாக் நிற்கும். மற்றதன் சக்கரம் எதனோடும் இணைக்கப்படாதது. இரண்டும் பட்ட வலி சமம். ஆனால் பிற்பாடு முடங்கிப்போவது இரண்டாவது எலிதான். 1967இல் மையரும் மார்ட்டின் செலிக்மனும் நாய்களில் இதை முதலில் பார்த்தபோது, கையாலாகாத்தனத்தை விலங்கு கற்றுக்கொள்கிறது என்று விளக்கினார்கள். 2016இல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள்: முடங்குவது மூளையின் இயல்பான எதிர்வினை, கற்றுக்கொள்ளப்படுவது 'என்னால் நிறுத்த முடியும்' என்பது. நெற்றிப் பகுதி அதைக் கண்டுகொண்டால் மூளைத்தண்டில் கிளம்பும் களேபரத்தை அடக்கிவிடுகிறது. ஐம்பது வருடம் கழித்துத் தன் பெயர்பெற்ற கருத்தையே திருப்பிப்போடும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்!

ஆக, உங்கள் ஆபரேட்டருக்கு வேலை செய்யும் சக்கரம் ஒன்று வேண்டும். மெஷின் நின்றதும் முதல் பத்து நிமிடம் அவருடையது, மெயின்டெனன்ஸைக் கூப்பிடுவதும் அவர் முடிவு, அதற்குப் பிறகுதான் நீங்கள் வருவீர்கள் என்று பகலிலேயே பேசி வையுங்கள். வந்ததும் "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்காதீர்கள். "இதுவரைக்கும் எதையெல்லாம் பார்த்தாச்சு?" என்று கேளுங்கள். அவர் வரிசையாகச் சொல்லத் தொடங்கும்போதே பாதி யோசனை திரும்பி வந்துவிடும். லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்த வைட்ஹால் ஆய்விலும், தன் வேலையில் தனக்குப் பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. இது உற்பத்திக் கணக்கோடு முடிகிற விஷயம் இல்லை.

கேள்வி (மதுரை, தலைமையாசிரியை): ஆசிரியர்களை இடது மூளை, வலது மூளை என்று பிரித்துப் பொறுப்பு கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்தப் பேச்சுக்கு விதை போட்ட, 1981இல் நோபல் வாங்கிய ராஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தது, வலிப்புக்காக மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள இணைப்பை அறுத்துவிட்ட நோயாளிகளை. உங்கள் ஆசிரியர்களுக்கு இணைப்பு நன்றாகவே இருக்கிறது. யாருக்கு எது பிடிக்கும் என்று அவர்களையே கேட்டுவிடலாம்.

கேள்வி (பெயர் இல்லை): மூளையில் 10 சதவீதத்தைத்தானே பயன்படுத்துகிறோம்?

பதில்: இல்லை. அடுத்தது.

கேள்வி (சென்னை, நிறுவனப் பயிற்சியாளர்): தலைவர் சிரித்தால் கண்ணாடி நியூரான்கள் வழியாக மொத்த டீமும் சிரிக்கும். என் வகுப்பின் அடிப்படையே இதுதான். நீங்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லையே?

பதில்: திறந்தால் சண்டை வரும் என்றுதான். 1992இல் இத்தாலியின் பார்மாவில் ரிசொலாட்டியின் குழு, மக்காக் குரங்கு தானே ஒன்றை எடுக்கும்போதும், இன்னொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் துடிக்கும் செல்களைக் கண்டது. அருமையான கண்டுபிடிப்பு. அங்கிருந்து உங்கள் ஸ்லைடு வரை வந்த பாதையில்தான் ஓட்டைகள்.

அதே பயிற்சியாளர்: நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனே பெரிதாகச் சொல்லியிருக்கிறார். அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?

பதில்: தெரியாது. மாய உறுப்பு வலிக்கு, அதாவது இழந்த கையோ காலோ இன்னும் வலிப்பதாகத் தோன்றுவதற்கு, சாதாரணக் கண்ணாடியை வைத்து அவர் செய்த வேலைக்கு நான் ரசிகன். உயிரியலுக்கு டிஎன்ஏ செய்ததை உளவியலுக்கு இந்த நியூரான்கள் செய்யும் என்று 2000இல் எழுதியவர் அவர்தான். அது எதிர்பார்ப்பு. வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் இல்லையா? 2009இல் கிரெகரி ஹிக்காக் இந்தக் கோட்பாட்டில் எட்டுச் சிக்கல்களை எடுத்து அடுக்கினார். எனக்குப் பிடித்த சிக்கல் எளியது: இந்தச் செல்கள் கண்டுபிடிக்கப்பட்ட மக்காக்குகளே மற்றவரைப் பார்த்துச் செய்வதில் படு மோசம். நியூரான் இருந்தும் காப்பியடிக்க வராத பிராணியை வைத்து, மனிதர்கள் காப்பியடிப்பதை எப்படி விளக்குவது?

இன்னொருவர் (கோவை): அப்படியானால் மனிதர்களுக்கு அது இல்லவே இல்லையா?

பதில்: இருக்கிறது. வலிப்பு அறுவைக்காக மூளையில் கம்பி வைத்திருந்த நோயாளிகளிடம் அப்படிப்பட்ட செல்களை 2010இல் பதிவு செய்தார்கள். 'இருக்கிறது' என்பது ஒன்று, 'அதனால்தான் டீம் சிரிக்கிறது' என்பது வேறு.

பயிற்சியாளர்: என் வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன். தலைவரின் மனநிலை மொத்த ஹாலுக்கும் பரவுகிறது. இதையும் பொய் என்பீர்களா?

பதில்: மாட்டேன். அது உண்மை. சிகல் பார்சேட் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நடிக்கத் தெரிந்த ஒருவரைக் குழு விவாதங்களில் கலந்துவிட்டார். அவர் உற்சாகமாக இருந்த குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, சண்டை குறைந்தது. ஸ்கேனும் இல்லை, நியூரானும் இல்லை, மனிதர்களைக் கவனித்து எடுத்த முடிவு. உங்கள் வகுப்பு அப்படியே நடக்கட்டும், அந்த ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்துவிடுங்கள். அதை எடுத்தால் கட்டணத்தைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். சுமாரான விளக்கத்தோடு மூளை பற்றி ஒரு வரி சேர்த்தால் ஜனங்கள் கூடுதலாக நம்புகிறார்கள் என்று 2008இல் டீனா வைஸ்பெர்க் சோதித்தே காட்டியிருக்கிறார்.

இன்னொருவர்: சார், கண்ணாடி நியூரான் போதும். எங்கள் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (பெங்களூரு, பெண் பொறியாளர்): மேலாளர் என்னை மீட்டிங்குகளில் சேர்ப்பதில்லை. ஒதுக்கப்படுவதும் அடிபடுவதும் மூளைக்கு ஒன்றுதான் என்று படித்தேன்.

பதில்: 2003இல் ஐசன்பெர்கரும் லீபர்மனும் வில்லியம்ஸும் செய்த ஆய்வு அது. ஸ்கேனருக்குள் படுத்தபடி கணினியில் மூவர் பந்து விளையாட்டு, திடீரென்று மற்ற இருவரும் இவருக்குப் பந்தே போடுவதில்லை. அப்போது, உடல் வலியிலும் சம்பந்தப்படும் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. 2014இல் டோர் வேகரின் குழு நுணுகிப் பார்த்தபோது இரண்டு வலிகளின் வடிவமும் வேறு வேறாக இருந்தது. அதனால் 'ஒன்றுதான்' என்று சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு வலிக்கிறது என்பதற்கு ஸ்கேன் எதற்கு? எந்தெந்த மீட்டிங்கில் நீங்கள் இல்லாததால் எந்த வேலை தடைபட்டது என்று எழுதி, மேலாளரிடம் நேரில் கேளுங்கள். தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள், நாளைய அழைப்புப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஞாபகமறதி அதிகமாகிறது…

பதில்: நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். இங்கே கேட்காதீர்கள்.

கேள்வி (ஹெச்ஆர்): தலையில் பட்டை மாட்டி மூளை அலையை அளந்து, தலைமைப் பண்பு உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கும் கருவி வாங்கலாமா? தலைமைக்கு மூளையில் தனி இடம் உண்டா?

பதில்: பர்ஸ்! 2009இல் செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் சில தற்செயலாகவே ஒளிரும், அதற்காகக் கணக்கைத் திருத்தாமல் விட்டதும் மீனின் மூளையும் ஒளிர்ந்தது. கேலிக்காகவே செய்த பாடம், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசையும் 2012இல் வாங்கியது.

தனி இடமா என்றால், 1848இல் அமெரிக்காவின் வெர்மான்டில் ரயில் பாதைக்குப் பாறை தகர்த்த ஃபினியஸ் கேஜின் கதை ஒன்று இருக்கிறது. இரும்புக் கம்பி மண்டையின் முன்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது, ஆள் பிழைத்தார். விபத்துக்கு முன் அவர் ஃபோர்மேன், அதுவும் நல்ல ஃபோர்மேன். பிறகு, ஆள் மாறிவிட்டார் என்று அதே வேலையைத் திருப்பித் தர மறுத்தார்கள். இத்தோடு கதையை நிறுத்தி, தலைமை நெற்றியில் இருக்கிறது என்பார்கள். அதே கேஜ் பின்னாளில் சிலி நாட்டில் வருடக்கணக்காகக் குதிரை வண்டி ஓட்டினார். பயணிகள், குதிரைகள், நேரம் எல்லாவற்றையும் சமாளிக்கும் வேலை. தேர்வுக்கு, வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: டோபமைன் விரதம் இருந்தால்…

பதில்: டோபமைன் கேள்வி இனி வேண்டாம்.

கேள்வி (தனியார் மருத்துவமனை, செவிலியர் பொறுப்பு): தொடர் இரவு டூட்டி போட்டாலும் சீனியர்கள் "பழகிடுச்சு சிஸ்டர்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். 2003இல் வான் டோங்கனும் டிங்கஸும் செய்த ஆய்வில், தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம் இரண்டு வாரத்தில், ஒரு ராத்திரி முழுக்கவோ அதற்கு மேலோ தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியது. அவர்களுக்கோ கொஞ்சம் தூக்கமாக இருப்பதாகத்தான் தோன்றியது. தூக்கம் கெட்டவர் தன் நிலையைத் தானே அளக்க முடியாது, அதை அளக்க வேண்டியவர் நீங்கள். மருந்து அளவை இருவர் சரிபார்க்கும் வழக்கத்தை விடியற்காலையில் தளர்த்தாதீர்கள். இரவு முடித்தவரைக் காலை மீட்டிங்குக்கும் உட்கார வைக்காதீர்கள், தகவலை மதியம் ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம்.